மதகடிப்பட்டு வரை போய்த் திரும்பிய துப்பாக்கி

காலை ஏழேமுக்கால் மணிக்கு விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக நிஜத் துப்பாக்கி ஒன்றைத் தொட்டுப் பார்க்கப் போகிறேன். திருச்சியில் ரயிலேறியதிலிருந்து இதைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்து, விருத்தாசலம் தாண்டியதும் சொல்லியும் விட்டேன். அதன்பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை.

நான் பள்ளியில் பூகோளம் சொல்லிக் கொடுப்பவள். விடுமுறை கிடைத்தால் ஊர் சுற்றி, சுற்றியதை எழுதுபவள். சில வாரங்களுக்கு முன் போனில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டம் எந்த மாநிலத்தில் கெடுபிடி, எந்த மாநிலத்தில் தாராளம் என்று பார்த்து, பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடுவது மாதிரி கிரேடு போட்டு வரிசைப்படுத்துகிறார்களாம். துப்பாக்கி வைத்திருப்பவர்களோ அந்தப் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கிறார்களாம். அவர்களுக்குக் கடைசி மாநிலம்தான் முதல் மாநிலம். படித்ததும் எனக்குக் கை அரித்தது. நம் ஊரில் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கேட்டால் நம் மாநிலத்துக்கு என்ன மார்க் போடுவார்கள்? கேட்பதற்கு எனக்கு ஆள் இருந்தது. கல்லூரி ஹாஸ்டலில் என் அறைத்தோழி விஜயா, திண்டிவனத்துக்குப் பக்கம் பெருமுக்கல்லில் நிலம் வைத்திருக்கிறாள். லைசென்ஸோடு துப்பாக்கியும் வைத்திருக்கிறாள்.

அவளே பிளாட்பாரத்துக்கு வந்திருந்தாள். அரக்குச் சேலை, ரப்பர் செருப்பு, கையில் மஞ்சப்பை.

"இன்னாடி, இளைச்சுட்ட? வா, ஜல்தி. எனக்கு இன்னிக்கு ஒரு நாள்தான் இருக்குது" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

ஸ்டேஷன் வாசலில் காபி இருபது ரூபாய். பத்துக்கு ஆறு மார்க் கொடுக்கலாம். அதைக் குடிக்கும்போதே அவள் நிலவரத்தைச் சொன்னாள். தேர்தல் வந்தால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட வேண்டும். ஸ்டேஷனில் கொடுக்கலாம், இல்லாவிட்டால் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலும் வைக்கலாம். அவளுடைய துப்பாக்கியில் தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தியல் கொஞ்சம் மக்கர் செய்துகொண்டிருந்ததால், ரிப்பேரும் ஆகட்டும் என்று விழுப்புரத்துக் கடை ஒன்றில் கொடுத்திருந்தாள். தேர்தல் முடிந்துவிட்டது. இதற்கிடையில் லைசென்ஸ் புதுப்பிக்கும் கெடு வந்துவிட்டது. இன்று மாலை நாலு மணிக்குள் துப்பாக்கியை அவள் ஊர் ஸ்டேஷனில் காட்டியாக வேண்டும். நாளைக்கு இன்ஸ்பெக்டர் ஏதோ பந்தோபஸ்துக்குப் போகிறார்.

"காட்டலன்னா?"

"காட்டலன்னா எங் கொழுந்தனாரு வாயில சர்க்கரை."

அவள் கணவர் செல்வராசு இறந்து ஆறு வருஷம் ஆகிறது. துப்பாக்கி அவருடையது. கணவரின் தம்பி பலராமன், பொம்பளைக்கு எதற்குத் துப்பாக்கி, வீட்டில் ஆம்பளை நான் இருக்கிறேன் என்று மனு மேல் மனு போட்டார். விஜயா விடவில்லை. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கித் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். பலராமன் நிலம் இவள் நிலத்தை ஒட்டியே இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை வரப்புக் கல் இவள் பக்கம் ஓர் அடி நகர்ந்து வரும். துப்பாக்கி அவள் பெயருக்கு வந்த வருஷத்திலிருந்து கல் நகரவில்லை.

"சுட்டுடுவேன்னு பயமா அவருக்கு?" என்றேன்.

"நான் எங்கடி சுடறது? பன்னி மேல பட்டா ஃபாரஸ்ட் கேஸு, ஆளு மேல பட்டா போலீஸ் கேஸு. மேகத்து மேல பட்டாதான் கேஸ் இல்ல. மல்லாட்டை காய் புடிக்கற நேரத்துல வானத்தப் பாத்து ஒரு வேட்டு, காட்டுப்பன்னி ஓடிப்பூடும். மத்தபடி அது வீட்ல இருக்குதுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சாப் போதும். தனியா இருக்கற பொம்பளைக்கு வேற இன்னா வேணும்?"

மல்லாட்டை என்றால் அந்தப் பக்கத்தில் நிலக்கடலை. ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்து ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனோம். துப்பாக்கிக் கடை என்றதும் சினிமாவில் வருகிற மாதிரி கண்ணாடி அலமாரிகளை எதிர்பார்த்துப் போனேன். சைக்கிள் ரிப்பேர் கடைக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், உள்ளே இருக்கும் இரும்புக் கதவு. கடைக்காரர் தன் பெயரையோ தெருவையோ எழுதக் கூடாது என்று இரண்டு கையையும் கூப்பிக் கேட்டுக்கொண்டார்.

எங்களுக்கு முன்பே இரண்டு பேர் தங்கள் துப்பாக்கிக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், உட்கார்ந்திருக்கும்போதே நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் அனந்தபுரத்து விவசாயி, வெற்றிலை வாயோடு இருந்தார். இதைவிட நல்ல இடம் அமையாது என்று என் கேள்வியை அங்கேயே போட்டேன். நம் மாநிலத்துக்குத் துப்பாக்கிச் சட்டத்தில் எத்தனை மார்க்?

"கேள்வியே தப்பும்மா" என்றார் ராணுவக்காரர். "சட்டம் டெல்லியில போட்டது. எல்லா ஸ்டேட்டுக்கும் அதே சட்டந்தான். அப்பறம் எப்படி ரேங்க்கு?"

அனந்தபுரத்துக்காரர் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பேசுவதற்காகவே துப்பினார் என்று தெரிந்தது. "சட்டம் ஒண்ணு சார், ஆபீசு வேற வேற. எங்க அப்பா காலத்துல எங்க பக்கத்துல வூட்டுக்கு ஒண்ணு இருந்துச்சு. இப்ப புதுசா ஒண்ணு கேட்டுப் பாருங்க. ஏன், எதுக்கு, எந்தப் பன்னி, எத்தினி பன்னின்னு கேட்டே வயசாயிடும். கெடுபிடில நம்ம ஸ்டேட்டுதான் ஃபஸ்ட்டு. அதனால நான் போடற மார்க்கு முட்டை."

"நான் நூத்துக்கு நூறு போடுவேன்" என்றார் ராணுவக்காரர். "வடக்க நான் வேலை பாத்த ஊர்ல ஒரு கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளையோட மாமன் சந்தோஷத்துல மேல பாத்து சுட்டாரு. குண்டு பந்தலக் கிழிச்சிக்கினு போயி மாடியில நின்னுக்கினு இருந்த ஒருத்தர் தோள்ல எறங்கிச்சு. நான்தான் தூக்கிக்கினு ஓடினேன். நம்ம ஊர்ல கல்யாணத்துக்கு மேளம் மட்டும் போதும்."

ஒரே பட்டியல், ஒருவருக்கு முட்டை, ஒருவருக்கு நூறு. நான் பரபரவென்று எழுதிக்கொண்டேன். விஜயாவைக் கேட்டதும் அவள் குரல் ஏறிவிட்டது. "நானும் முட்டைதான். எம் புருஷன் பொருள எம் பேருக்கு மாத்தறதுக்கு ரெண்டு ஜோடி செருப்பு தேஞ்சுது. இன்னும் இன்னா கெடுபிடி வேணும் இவங்களுக்கு?"

இந்தக் கூச்சலுக்கு நடுவே கடைக்காரர் துப்பாக்கியை எடுத்து வந்தார். ஒற்றைக் குழல், பின்கட்டை கருந்தேன் நிறத்தில் பளபளத்தது. என் கையில் கொடுத்தார்கள். எவ்வளவு கனம்! சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, விஜயாவைப் பார்த்து அசடு மாதிரி சிரித்தேன். கடைக்காரர் நம்பரைச் சரிபார்த்து, கான்வாஸ் உறைக்குள் போட்டுக் கட்டி, எல்லோருக்கும் சொல்வதை விஜயாவுக்கும் சொன்னார்: "தோட்டாவையும் துப்பாக்கியையும் சேத்து எடுத்துக்கினு போவக் கூடாதுன்னு தோட்டாவ நானே குடுக்கல. அப்பறம் லைசென்ஸ்ல தமிழ்நாடு மட்டும்னுதான் இருக்குது. வேற ஸ்டேட்டுக்குள்ள எடுத்துக்கினு போயிடாதீங்க."

"நான் எந்த ஸ்டேட்டுக்குப் போவப் போறேன்? பெருமுக்கல்லுக்குப் போறேன்" என்று விஜயா சிரித்தாள். நாங்களும் சிரித்தோம்.

பதினொன்றரைக்கு வாடகைக் கார் வந்தது. துப்பாக்கியோடு பஸ்ஸில் போனால் ஊரே பார்க்கும் என்று விஜயா ஏற்பாடு செய்திருந்தாள். டிரைவர் சுரேஷ் கோலியனூர்க்காரர், முப்பது வயது இருக்கும், எதைச் சொன்னாலும் "ஓகேக்கா" என்பார். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். நேராக நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரு மணி நேரம் போதும். ஆனால் அன்று தொடர் விடுமுறை முடிந்து சென்னைக்குத் திரும்புகிற கூட்டம். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நகரவே இல்லை என்று சுரேஷுக்குப் போன் வந்தது.

"யக்கா, அந்த ரோடு பேஜாரு. நான் பாண்டி ரோட்ல போயி, திருச்சிற்றம்பலம் கூட்ரோடு புடிச்சு, கிளியனூர் வழியா திண்டிவனம் ஏத்திடறேன். சுத்துதான், ஆனா ஓடிக்கினே இருக்கலாம்" என்றார்.

"நாலு மணிக்குள்ள போயிடுவியா?"

"ஓகேக்கா. ரெண்டுக்கே போயிடலாம்."

கார் கோலியனூர் தாண்டி, வளவனூர் தாண்டிப் பறந்தது. இரண்டு பக்கமும் கரும்பு. பின்சீட்டில் நானும் விஜயாவும் மார்க் சண்டையில் இருந்தோம். முட்டை ஓவர்டி, அந்தத் தோளில் குண்டு பட்ட ஆளை நினைத்துப் பார் என்றேன் நான். வரப்புக் கல்லை நினைத்துப் பார் என்றாள் அவள். சண்டை ஹாஸ்டல் காலத்து உச்சத்துக்குப் போய், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே பெரிய பெரிய எழுத்தில் ஒயின் ஷாப் போர்டுகள் வரிசையாகப் போயின. விஜயா வாயை மூடினாள். எட்டிப் பார்த்தாள்.

"டேய் சுரேசு! இது எந்த ஊரு?"

"மதகடிப்பட்டுக்கா."

"பாண்டிடா இது! நிறுத்துடா!"

சுரேஷ் வண்டியை ஓரம் கட்டினார். அவர் முகத்தில் குழப்பம்தான் இருந்தது, குற்றவுணர்ச்சி இல்லை. "பாண்டிதான்க்கா. நம்மகிட்ட பாட்டில் எதுவும் இல்லியே, அப்பறம் இன்னா?"

அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது. விழுப்புரம் பக்கத்தில் பிறந்தவருக்குப் பாண்டிச்சேரி எல்லை என்றால் பாட்டில்தான். அங்கே விலை குறைவு, இங்கே கொண்டுவந்தால் கேஸ். எல்லையைத் தாண்டும்போதெல்லாம் பாட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பழகிய மூளை. ரோடு அதே ரோடு, பேச்சு அதே பேச்சு, கரும்பும் அதே கரும்பு. இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்கு இந்த எல்லைக்கோட்டை வரைந்து காட்டி, தப்பாக வரைந்தால் மார்க் குறைத்த நானே கவனிக்கவில்லை என்றால் அவரை என்ன சொல்ல? தமிழ்நாடு மட்டும் என்று எழுதிய லைசென்ஸோடு நாங்கள் வேறொரு பிரதேசத்துக்குள், ஒரு சாராயக் கடை வாசலில், டிக்கியில் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தோம்.

எனக்குப் பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பயத்துக்குள் ஒரு குஷியும் இருந்தது. எந்தப் பயணத்திலும் எனக்கு இப்படி நடந்ததில்லை.

விஜயாவுக்குக் குஷி எதுவும் இல்லை. "திருப்பு" என்றாள். சுரேஷ் திருப்பினார். அப்போதுதான் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. போகும்போது யாரும் மறிக்கவில்லை. பாண்டியிலிருந்து திரும்பி வரும் வண்டியை எல்லையில் மறிப்பார்கள், டிக்கியைத் திறப்பார்கள்.

"பேசாம இருங்கக்கா. அவங்க பாட்டிலத்தான் தேடுவாங்க. பொம்பளைங்க இருக்கற வண்டி, ஒரு தட்டு தட்டி அனுப்பிடுவாங்க. உறையப் பாத்துக் கேட்டா கொடைன்னு சொல்லிடலாம்" என்றார் சுரேஷ்.

சோதனைச் சாவடியில் எங்களுக்கு முன்னால் நாலைந்து வண்டிகள் நின்றன. ஒவ்வொன்றாக நகர்ந்தன. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், ஜில்லென்று இருந்தது. சுரேஷ் சொன்னபடியே செய்துவிட மாட்டாளா என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

இளவயதுப் பெண் போலீஸ் ஒருவர் குனிந்து பார்த்தார். "பாட்டில் ஏதாவது இருக்குதா?"

"பாட்டில் இல்ல மேடம்" என்றாள் விஜயா. "துப்பாக்கி இருக்குது."

அந்தப் பெண் ஒரு கணம் எங்களைப் பார்த்துச் சிரித்தார். விஜயா சிரிக்கவில்லை என்றதும் அவர் சிரிப்பும் நின்றது. அடுத்த நிமிஷம் நாங்கள் மூன்று பேரும் ரோட்டோரம், எஸ்.ஐ. எங்கள் முன்னால், உறை மேஜை மேல்.

விஜயா ஒன்றையும் மறைக்கவில்லை. கடையில் வாங்கியது, டோல்கேட் நெரிசல், நாங்கள் போட்ட சண்டை, ஒயின் ஷாப் போர்டு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். எஸ்.ஐ. லைசென்ஸைப் படித்தார், குழலைத் திறந்து காலி என்று பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, தப்பு நடந்தது அங்க. பாண்டி போலீசு புடிச்சிருந்தா அது அவங்க கேஸு. நீங்க இங்க வந்து எங்ககிட்ட சொல்றீங்க. இத நான் எந்தக் கணக்குல எழுதறது?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொல்லலன்னா நாங்க பாட்டில் பாத்துட்டு விட்ருப்போம்மா."

"தெரியும் சார். நாளைக்கு யாராவது பாத்தேன்னு எங் கொழுந்தனார்கிட்ட போய்ச் சொன்னா, பொம்பள திருட்டுத்தனமா எடுத்துக்கினு சுத்தறான்னு அதயே மனுவா எழுதுவாரு. நானே சொல்லிட்டா எழுத ஒண்ணும் இல்ல பாருங்க" என்றாள் விஜயா. சொல்லி முடித்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எஸ்.ஐ. எங்கெங்கோ போன் பேசினார். கடைசியில் விஜயாவின் ஊர் இன்ஸ்பெக்டரோடு பேசினார். துப்பாக்கியை நேராக அந்த ஸ்டேஷனுக்கே கொண்டுபோக வேண்டும், கூடவே ஒரு போலீஸ் வரும், அறிக்கை பின்னால் வரும் என்று முடிவாயிற்று. அதே பெண் போலீஸ் முன்சீட்டில் ஏறி, உறையை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி மறுபடி வளவனூர், கோலியனூர், விழுப்புரம் என்று வந்த வழியே திரும்பியது. பிற்பகல் இரண்டு மணி. சாப்பிடவில்லை. ஆனால் போலீஸ் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும் வண்டிக்கு விக்கிரவாண்டியில் வழி கிடைத்த வேகம் இருக்கிறதே! சுரேஷ் ஸ்டியரிங்கை அமைச்சர் வண்டி டிரைவர் மாதிரி பிடித்துக்கொண்டார்.

மயிலம் பக்கம் போகும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பெண்ணிடமும் மார்க் கேட்டேன்.

"மார்க்கா மேடம்? டிக்கி தொறக்கவே எனக்கு நேரம் பத்தல" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க அம்மாவும் தனியாத்தான் இருக்குது, செஞ்சி பக்கத்துல. ஒரு டார்ச் லைட்டுதான் வச்சிருக்குது" என்றார். விஜயா பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்டேஷனில் இருந்தோம். இன்ஸ்பெக்டர் நம்பரைச் சரிபார்த்தார், பொருந்தியது. கெடுவுக்குள் காட்டியாகிவிட்டது என்று எழுதினார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னார். எல்லை தாண்டிய அறிக்கை கலெக்டர் ஆபீஸுக்குப் போகும், அங்கிருந்து பதில் வரும்வரை துப்பாக்கி ஸ்டேஷனில்தான் இருக்கும். துப்பாக்கி திரும்பி வரலாம், வராமலும் போகலாம். கோபமாகச் சொல்லவில்லை. ரசீது எழுதிக் கொடுத்து, "உறை எங்களுக்கு வேணாம்மா, எடுத்துக்கினு போங்க" என்றார்.

மல்லாட்டை பிடுங்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. திண்டிவனத்தில் ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டோம், இறங்கவில்லை. உண்மையைச் சொன்னதற்கு இதுவா பலன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது, சொல்லவும் சொன்னேன். விஜயா சாம்பாரைக் கிளறிக்கொண்டே இருந்தாள். போகிற வழியில் சந்தைக் கடை ஒன்றில் காரை நிறுத்தச் சொல்லி, கடப்பாரை ஒன்று வாங்கினாள். காசு கொடுத்து வாங்கிய கையோடு, பின்சீட்டில் உட்கார்ந்தபடியே அதை உறைக்குள் நுழைத்துக் கட்டினாள். நானும் சுரேஷும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பெருமுக்கல்லில் இறங்கும்போது வெயில் சாய்ந்து, மலைமேல் கோயில் மட்டும் வெளிச்சத்தில் இருந்தது. எதிர் வீட்டு வாசலில் பலராமன் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்காகத்தான் உட்கார்ந்திருந்தார் என்று பார்த்ததும் தெரிந்தது. விஜயா உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கனத்துக்குச் சற்றே சாய்ந்து, அவர் முன்னாலேயே நடந்தாள்.

"இன்னா அண்ணி, வேலை முடிஞ்சுதா?"

"நாலு மணிக்குள்ள காட்டியாச்சு. நம்பர்லாம் கரெக்டுன்னு எழுதிக்கினாரு."

ஒரு வார்த்தை பொய் இல்லை. உள்ளே போய், கூடத்துச் சுவரில் ஆணியில் உறையை மாட்டினாள். கதவு திறந்தே இருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்கு ஓடினேன்.

அன்று கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுப் படுத்தோம். விஜயா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் அப்புறம் அசையவில்லை. நான்தான் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தேன். மறுநாள் காலை திண்டிவனத்தில் பஸ் ஏறும்போது, "எப்படிடி இப்படித் தூங்கறே?" என்றேன். "ஒடம்பு அலுப்புடி" என்றாள். இதையெல்லாம் இப்போது எழுதக் கூடாது, துப்பாக்கி வந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

திருச்சியில் என் வீடு மூன்றாவது மாடி. கீழே வாட்ச்மேன், கதவுக்கு இரண்டு பூட்டு, அதற்கு முன்னால் இரும்புக் கேட். இத்தனைக்கும் நான் படுத்த பிறகு ஒருமுறை எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பேன். காட்டோரத்தில் ஓர் இரும்புக் கம்பியைத் துணியில் சுற்றி மாட்டிவிட்டு அடித்துப் போட்ட மாதிரி தூங்கிய விஜயாவை நினைத்து நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளியில் சக ஆசிரியைகளிடம் ஊர் பேர் சொல்லாமல் அளந்தேன்.

மல்லாட்டை பிடுங்கி முடித்து வெகுநாள் கழித்துப் போன் வந்தது.

"வந்துடுச்சு மீனா! எச்சரிக்கை குடுத்து அனுப்பிட்டாங்க. இப்பத்தான் வாங்கியாந்து மாட்டினேன். இனிமே நீ எழுதிக்கோ."

நான் போனிலேயே கூச்சல் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். "மொதல்ல நீ அன்னைக்குத் தூங்கினதைத்தான் எழுதப் போறேன்" என்றேன்.



"எங்கடி தூங்கினேன்? நீ பயந்துடுவேன்னு கண்ண மூடிக்கினு கெடந்தேன். நீ போனப்பறம் நாய் கொலைச்சாப் போதும், எழுந்து ஒக்காந்துக்கினு அந்த உறையவே பாத்துக்கினு இருப்பேன். அதுக்குள்ள இருக்கறது கடப்பாரைன்னு ஊருக்குத்தான் தெரியாது. எனக்குத் தெரியுமேடி."